மணியம் கே. எழுதிய கட்டுரைகள்

"அந்த ஆமையை எடுங்க, எடுங்கன்னு நான் ஒரு வாரமா—"

"எடுத்துட்டேன் சந்திரா, அதுலதான் இப்ப—"

"எடுத்துட்டு ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

"ஆமையோட என் புழு ரெண்டும் போயிடுச்சு."

தோசை கருகிக்கொண்டிருந்தது. இருவருமே அடுப்பைப் பார்க்கவில்லை.

கமலநாதன் ஜொகூர் பாருவில் ஒரு தனியார் பல்கலைக்கழக விரிவுரையாளர். எண்ணெய் எடுக்கும் செம்பனை மரத்தின் இலையைத் தின்னும் புழுக்களைப் பற்றி இருபத்தொரு கட்டுரைகள் வெளியிட்டவர். மற்ற ஆய்வாளர்கள் அவற்றை ஐந்நூற்றுப் பத்து முறை மேற்கோள் காட்டியிருந்தார்கள். பேராசிரியர் பதவிக்கு ஐந்நூறு வேண்டும். நேர்காணலுக்கு இரண்டு வாரம் இருந்தது.

அப்போது பார்த்து, கட்டுரைகளைப் பட்டியலிடும் இணையப் பக்கத்தில், அவர் பெயருக்குக் கீழே மெர்சிங் கடலாமைகளைப் பற்றி ஒரு கட்டுரை முளைத்தது. படகைப் பார்த்தாலே வாந்தி எடுப்பவர் அவர். உங்களுடையதா என்று பக்கம் கேட்டது. இல்லை என்று அழுத்தினார். ஆமையோடு அவருடைய புழுக் கட்டுரைகள் இரண்டும் மறைந்தன. அழுத்தியதற்குத்தான் இந்தச் சண்டை.

பட்டியலில் அவர் பெயர் 'மணியம், கமலநாதன்' என்று இருந்தது. பட்டியல் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதினார். மணியம் என்பது என் அப்பா, பெக்கோக் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, தயவுசெய்து என் அப்பாவைக் கட்டுரை எழுத வைக்காதீர்கள் என்று விளக்கினார். நன்றி மிஸ்டர் மணியம் என்று பதில் வந்தது. கூடவே உலகத்திலுள்ள மணியம் எல்லாரும் அவர் பக்கத்தில் வந்து இறங்கினார்கள். பல் சொத்தை, கோழிக் காய்ச்சல், பாலத்து விரிசல். மேற்கோள் நாலாயிரத்தைத் தாண்டியது. டீன் வழியில் நிறுத்திக் கைகுலுக்கினார். குளுவாங்கிலிருந்து ஒரு பொறியாளர், பாலத்தில் லாரி விடலாமா என்று அவரிடம் யோசனை கேட்டு எழுதினார்.

பயந்துபோய், ஆளாளுக்குப் பிரித்துவிடும்படி மறுபடி எழுதினார். பிரித்தார்கள். கோழியும் பாலமும் போயின. ஆனால் 'மணியம், கே.' என்று புதிதாக ஒரு பக்கம் திறந்திருந்தது. படம் இல்லை, முகவரி இல்லை. ஒவ்வொரு வேலை நாளிலும், காலை எட்டரை ஆனதும், கமலநாதனுடைய கட்டுரைகளில் மூன்று நான்கு அங்கே போய்ச் சேர்ந்தன. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு வரியாக மறைந்தன.

வியாழக்கிழமை அந்தப் பக்கத்தில் யாரும் வெளியிடாத ஒரு கட்டுரை இருந்தது. அதன் விவரங்கள் அவர் வீட்டு அலமாரியில், பூட்டிய பெட்டிக்குள், ஒரு பழைய நோட்டில்தான் உண்டு. பெட்டியைத் திறந்தார். நோட்டு இருந்தது. மழையில் நனைந்ததுபோல் அட்டை ஈரமாக இருந்தது.

"ஏங்க," என்றாள் சந்திரமதி பின்னாலிருந்து, "கஸ்தூரி அண்ணி பேரும் கே-லதானே ஆரம்பிக்கும்?"

கஸ்தூரி அவருடைய அக்கா. அவளும் புழு ஆராய்ச்சிதான். தோட்டம் தோட்டமாக அலைந்து, முனைவர் பட்டம் வாங்குமுன் எலிக்காய்ச்சலில் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. கணினிக்கு உயிரோடு இருப்பவர் யார், இல்லாதவர் யார் என்று தெரியாது, அதுதான் குழப்பம் என்று சொல்லிக்கொண்டே அவர் நோட்டை மூடினார். அவசரத்தில் விரலும் உள்ளே மாட்டிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை நேர்காணல். காலையில் அவர் பக்கத்தில் இரண்டே கட்டுரைகள் மிஞ்சியிருந்தன. மேற்கோள் ஒன்று. அதைக் காட்டியவரும் அவரே.

அரைமணி நேரம் இருக்கும்போது ஆய்வுப் பிரிவு அலுவலகத்துக்கு ஓடினார். ஆசிரியர்களின் பக்கங்களைத் திருத்தும் உரிமை அந்த அலுவலகத்துக்கும் இருந்தது. அங்கே போன மாதம்தான் வேலைக்குச் சேர்ந்த ராஜம்மா மட்டும் இருந்தார். யாரோ இங்கே உட்கார்ந்து என் உழைப்பைத் திருடுகிறார்கள், ஆளைக் காட்டுங்கள் என்று கமலநாதன் மேசையைத் தட்டினார்.

ராஜம்மா மூலையிலிருந்த கணினியையும் காலி நாற்காலியையும் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"திருட்டா? கஸ்தூரி மேடம் தினமும் எட்டரைக்கு வந்து, அவங்க எழுதுனதைத்தானே எடுத்துக்கிறாங்க, டாக்டர். மிச்சம் ரெண்டும் தம்பி சொந்தமா எழுதுனதாம், அது வேணாம்னு விட்டுட்டாங்க."