ஒன்பது மணிக்குள் திரை

எட்டு ஐம்பதுக்கு எழுத்தர் கணினியின் பொத்தானை அழுத்தினார். ஒன்பது இரண்டுக்கு அது கண் திறந்தது. திரை திறந்த நேரத்தையே வருகையாகக் குறிக்கும் பதிவில் அவர் பெயர் சிவப்பாக விழுந்தது. தாமதம்: இரண்டாவது முறை.

மூன்றாவது விழுந்தால் தரைக்குக் கீழே இருக்கும் பழைய கோப்பு அறைக்கு மாற்றல். அங்கே தூசி முழங்கால் வரை. அவருக்கோ சுண்ணாம்பு அடித்த சுவரைப் பார்த்தாலே தும்மல் வரும்.

"போன வருஷம் மூணே நிமிஷம்தாங்க்கா ஆகும்."

"குப்பை சேர்ந்திருக்கும் தம்பி. குப்பை அள்ற புரோகிராம் ஒண்ணு போடுங்க," என்றார் பக்கத்து மேசை அக்கா.

போட்டார். மறுநாள் கணினி எழுந்ததும் எழாததுமாகக் குப்பையைத் தேடப் போய்விட்டது. பதினெட்டு நிமிடம். நல்லவேளை, எட்டரைக்கே வந்திருந்தார்.

"அப்ப வைரஸ்தான்," என்றார் அக்கா, கொஞ்சமும் அசராமல்.

வைரஸ் பிடிக்கிற புரோகிராமும் ஏறியது. அது குப்பை அள்ளுவதையே வைரஸ் என்று சந்தேகப்பட்டது. இரண்டும் மல்லுக்கட்டி ஓய நாற்பது நிமிடம். வேகம் கூட்டும் புரோகிராம் ஒன்றைப் போட்டார். மதியம் அணைத்துத் திறந்து பார்த்தால், ஒன்றே முக்கால் மணி நேரமானது.

"எல்லாத்தையும் எடுத்துடுங்களேன்."

"எடுத்தேங்க்கா. எடுக்கலாமான்னு யோசிக்க, அது இன்னொரு புரோகிராமைப் போட்டுக்கிச்சு."

"அணைக்காம விட்டுட்டுப் போங்க."

"சாயங்காலம் மெயினையே அணைச்சுடறாங்களே!"

எழுத்தர் ஏழு மணிக்கே வரத் தொடங்கினார். முன்கேட் எட்டுக்குத்தான் திறக்கும். அதனால் பெருக்குகிற அம்மாவோடு பின்கதவு வழியே நுழைந்தார்.

"ஆபீஸ்ல வச்சிருக்கறது கம்ப்யூட்டரா, கைக்குழந்தையா?" என்றாள் மனைவி.

தினமும் எட்டு ஐம்பத்தெட்டுக்குப் பெயர் பச்சையாக விழுந்தது. மூன்று வாரம், ஒரு நாள் தப்பவில்லை.

நாலாவது வாரம் மாற்றல் உத்தரவு வந்தது. கோப்பு அறைக்கு.

மேலாளர் அறைக்கு ஓடினார். "சார், ஒரு நாள்கூட நான் லேட் இல்ல! கம்ப்யூட்டரைப் பாருங்க, எல்லாம் பச்சை!"

"கம்ப்யூட்டரையா? என்னுது இன்னும் திறக்கவே இல்லையேய்யா," என்ற மேலாளர், முன்கேட் காவலாளியைக் கூப்பிட்டார்.

காவலாளி ஒரு நீள நோட்டோடு வந்தார். எழுத்தரைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அடடே, வந்துட்டீங்களா சார்! கேட்ல நுழையறவங்களை நான்தான் எழுதறேன். மூணு வாரமா ஆளையே காணோமே, உடம்பு இப்பத் தேவலையா?"