காற்றாலையின் வாலுக்கு ஒரு கட்டு

பயம் வந்தால் சிலர் ஓடுவார்கள், சிலர் சாமி கும்பிடுவார்கள். நான் எதையாவது கட்டிவைப்பேன். (என் கல்யாணத்தன்று மழைக்குப் பயந்து, பந்தல் காலோடு புரோகிதரின் பையையும் சேர்த்துக் கட்டியவன்.)

ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் என் மகள், திருப்பதியில் எங்கள் மொட்டைமாடியில் ஒரு சின்னக் காற்றாலையை நட்டிருந்தாள். முன்னால் இறக்கைகள், பின்னால் அவற்றைக் காற்றுக்கு நேரே திருப்பும் தகட்டு வால்; எல்லாம் அவளே வடிவமைத்தவை. மறுநாள் அவள் மேலதிகாரி பார்க்க வருகிறார். பிடித்தால் கம்பெனி தயாரிக்கும், உடைந்திருந்தால் அத்தனை உழைப்பும் குப்பை. “நைனா, இன்னா ஆனாலும் தொடாதே” என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போனாள்.

சாயங்காலம் மழைக்கு முன்னால் காற்று கிளம்பியது. ஒழுங்காக ஒரு திசையிலிருந்தா வந்தது? தண்ணீர்த் தொட்டியில் மோதி ஒரு தள்ளு, பக்கத்து வீட்டுச் சுவரில் திரும்பி இன்னொரு தள்ளு, பந்திக்கு முந்துகிற சொந்தக்காரர்கள் மாதிரி. இறக்கைகள் வளைந்தன. திடீரென்று வால் மடங்கி, காற்றாலை முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டது.

போச்சு, வால் முறிந்துவிட்டது என்று முடிவுகட்டினேன். காற்று மூச்சு வாங்கிய இடைவெளியில் தொட்டிமேல் ஏறி, வாலை நேராக்கி, முறிந்த கைக்குக் கட்டுவதுபோல் ஒட்டடைக் குச்சியை அணைகொடுத்துக் கொடிக்கயிற்றால் இறுக்கினேன்.

காற்று திரும்பி வந்தது. முகம் திருப்ப வழியில்லாத காற்றாலை ஊளையிட்டது. கம்பம் ஆடியது. நான் கம்பத்தைக் கட்டிப்பிடித்தேன் (நான் பிடித்தால் நிற்குமாம்). அந்த நேரம் பார்த்து என் லுங்கி எதிர்வீட்டு மாடிக்குக் குடிபோனது. எதிர்வீட்டுக்காரர், ஹெலிகாப்டர் எப்போது கிளம்பும் என்று தெலுங்கில் விசாரித்தார்.

சத்தம் கேட்டு மகளை அழைத்திருந்த என் மனைவி, மேலே வந்து போனை நீட்டினாள்.

“நைனா, வாலைக் கட்டிட்டியா?”

“ஒட்ஞ்சி பூட்ச்சிம்மா, அதான்...”

“ஒடையல. காத்து ஓவரா அட்ச்சா அதுவே மூஞ்சியத் திருப்பிக்கும். அப்டித்தான் செஞ்சிக்கிறேன். அவுத்து உடு.”

கயிற்று நுனியை இழுத்தேன். வால் மடங்கியது; ஊளை முனகலாக இறங்கியது. ஒவ்வொரு வீச்சுக்கும் இறக்கையின் நுனி சற்றே வளைந்து, அதிகப்படியான காற்றை வழியவிட்டு, மறுபடி நிமிர்ந்தது. முறைத்துக்கொள்ளவும் இல்லை, ஓடவும் இல்லை. லுங்கியில்லாததை மறந்து பார்த்துக்கொண்டே நின்றேன்.

மறுநாள் அதிகாரி தடவித் தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. வாலில் என்ன கயிற்றுத் தடம் என்றார்.

“அது எங்க நைனா பண்ண டெஸ்டு சார்” என்றாள் மகள். “இதுக்கு மேல எந்தக் காத்தும் ஒண்ணும் பண்ண முடியாது.”

தயாரிக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போதெல்லாம் மனைவியின் குரல் உயர்ந்தால் நான் மெல்ல முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்கிறேன். “அம்மா, வால் மடங்கிடுச்சு” என்று மகள் அறிவிக்கிறாள்.

மனைவி அசருவதில்லை. “அந்த ஒட்டடைக் குச்சிய எட்தாடி.”