மூக்கர் மணந்து பார்த்த டீசல்

எனக்கு வயது எழுபத்தெட்டு. ஆறு பிள்ளைகளைப் பெற்று, ஆறையும் ஆளாக்கினவள். அந்தத் தகுதியில் சொல்கிறேன்: அனலைதீவுக் கடலில் மூக்கரைப் போல ஒரு மனிதர் முன்பும் பிறக்கவில்லை, இனிப் பிறந்தால் கடல் தாங்காது.

எங்கள் தீவுக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே ஆட்களை ஏற்றும் படகை ஓட்டியவர் அவர். பெற்றோர் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். மூக்கால் மணந்து பார்க்காமல் எஞ்சினுக்கு டீசல் ஊற்ற மாட்டார், அதனால் மூக்கர். மணந்த பிறகு கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் வார்த்து வெயிலுக்குப் பிடிப்பார். அடியில் தண்ணீர் தனியாக நின்றால் முகம் செத்தவீட்டு முகமாகிவிடும்.

"தண்ணி கலந்ததைக் குடுத்தா எஞ்சின் நடுக்கடலிலை இருமும் அக்கா. பிறகு நீங்கள்தான் இறங்கித் தள்ள வேணும்."

பெற்றோலுக்கும் டீசலுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒருநாள் வாய் தவறிக் கேட்டுவிட்டேன். கரை வரும்வரை விளக்கினார்.

"பெற்றோல் உங்கடை மூத்த மருமோன் மாதிரி. ஒரு பொறி பட்டாக் காணும், பத்திக்கொள்ளும். டீசல் உங்களை மாதிரி அக்கா. நெருப்புக்குச்சி காட்டினாலும் லேசிலை அசையாது. உள்ளுக்கை காத்தை நெருக்கிச் சூடாக்கி, அதுக்குள்ளை விட்டாத்தான் வெடிக்கும்."

நான் அதைப் புகழ்ச்சியாகவே எடுத்துக்கொண்டேன்.

ஒருமுறை துறைமுக அதிகாரி ஒருவர் படகுக்காரர்களைக் கூப்பிட்டு வகுப்பெடுத்தார். டீசல் சிந்தினால் சவர்க்காரத் தூள் போட்டுக் கடலுக்குள் கழுவிவிடக்கூடாது, மண் போட்டு உறிஞ்ச வேண்டும், என்ன, எங்கே, எவ்வளவு என்று உடனே அறிவிக்க வேண்டும் என்றார். மற்றவர்கள் தேநீரைக் குடித்துவிட்டு வந்தார்கள். மூக்கர் வகுப்பைக் குடித்துவிட்டு வந்தார். அன்றோடு அதிகாரியின் தொலைபேசி ஓயவில்லை, நிம்மதியும் போயிற்று.

"ஐயா, டீசல். இறங்குதுறைப் படி. தேங்காய்ச் சிரட்டையாலை அரைச் சிரட்டை. மண் போட்டாச்சு."

"அண்ணை, அரைச் சிரட்டைக்கெல்லாம் எனக்கு எடுக்க வேண்டாம்."

"வேணுமோ வேண்டாமோ எண்டு நீங்கள் பாருங்கோ. சொல்லுறது என்ரை கடமை."

ஒரு பெண்ணின் எண்ணெய்ப் போத்தல் உடைந்ததையும் அறிவித்துவிட்டு, மறுபடி எடுத்து, "மணந்து பாத்தனான் ஐயா, அது நல்லெண்ணெய்" என்றாராம்.

அந்த அதிகாரியின் தமையனுடைய மகனுக்குத்தான் என் பேத்தியைப் பேசி முடித்தோம். பொன்னுருக்கல் ஊர்காவற்றுறையில், மாப்பிள்ளை வீட்டில். தாலிக்குப் பொன் உருக்கும் சடங்கல்லவா, பெண் வீட்டார் நேரத்துக்கு நிற்க வேண்டும். பலகாரப் பெட்டிகளோடு படகில் ஏறி இருந்தோம். மூக்கர் எஞ்சினில் கை வைக்கவில்லை. மூக்கை நிமிர்த்தினார்.

"டீசல் மணக்குது."

"டீசல் படகிலை டீசல் மணக்காமல் மல்லிகைப்பூவோ மணக்கும்?" என்றான் என் தம்பி.

"இது ஊத்துண்ட டீசல். எங்கையோ சிந்தியிருக்கு."

குனிந்து தேடினார். என் பயற்றம் பணியாரப் பெட்டிக்குப் பின்னால் ஒரு கலன் சரிந்து கிடந்தது. தண்ணீர் இறைக்கும் மெசினுக்கு டீசல் வாங்கிவர என் தம்பி கொண்டுவந்தது. பழைய மிச்சம் அடியில் இருந்திருக்கிறது. மூடி தொலைந்ததால் வாய்க்குத் தேங்காய்ப் பொச்சு நார் அடைத்திருக்கிறான். பொச்சு தானும் டீசல் குடித்து, படகுக்கும் பருக்கிவிட்டது.

மூக்கர் தொலைபேசியை எடுத்தார்.

"வையும் அதை. அது சம்பந்தி வீட்டு ஆள். நல்ல நாளிலை எங்கடை மானத்தை வாங்காதையும். நேரமும் போகுது" என்றேன்.

"சம்பந்தியெண்டா டீசல் தண்ணியாகுமோ அக்கா?"

எடுத்தே விட்டார். "ஐயா, டீசல். பொன்னுருக்கலுக்கு வாற ஆக்களின்ரை. இரண்டு சிரட்டை. கடலுக்கை விழேல்லை. துப்புரவாக்கிப்போட்டு வாறம். பிந்தும்."

படகே சிரித்தது. தான் எப்போதும் வைத்திருக்கும் வாளி மண்ணைக் கொட்டி, உறிஞ்சவிட்டு, அள்ளிச் சாக்கில் கட்டிய பிறகுதான் எஞ்சினை முடுக்கினார். கரை வரும்வரை அந்த மனிதரின் முகத்தை நான் பார்க்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டு வாசலில் கால் வைத்தபோது, குறித்த நேரத்தின் வால்தான் மிச்சம். உள்ளே நெருப்பு இன்னும் மூட்டவில்லை. தட்டார் வெற்றிலை போட்டபடி இருந்தார். அதிகாரி செய்தி சொன்னதால் எங்களுக்காகப் பொறுத்திருந்தார்கள்.

சம்பந்தி சிரித்துக்கொண்டு வந்தார். "வாங்கோ அம்மா. ஊத்திப்போட்டு ஒளிக்கிற ஆக்களோடை சம்பந்தம் செய்யத்தான் பயம். சொல்லிப்போட்டு வாற ஆக்களோடை என்ன பயம்?"

நான் தலையை நிமிர்த்தி, "எங்கடை வழக்கமே அதுதான்" என்றேன். என் தம்பிக்கு இருமல் வந்தது.

மூக்கர் இப்போது கனடாவில், மகளோடு. அங்கே அவருக்கு மணக்க ஒன்றுமில்லையாம். புதிதாகப் படகோட்டுகிறவன் நல்ல பிள்ளை. ஆனால் மணக்காமலே ஊற்றுகிறான். அதனால் படகு கிளம்புமுன் நான்தான் ஒருமுறை மூக்கை நிமிர்த்திப் பார்த்துக்கொள்கிறேன்.

பிள்ளை, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதை ஒருக்கால் வாசி, கேட்பம். இரண்டு சிரட்டை எண்டுதானே போட்டிருக்கு? பிழையெண்டா அந்த மனுசன் அங்கையிருந்தே அறிவிச்சுப்போடும்.