ஊதா முத்திரைத் திட்டம்

மனிதகுல நிர்வாகத்துக்கு வழிகாட்டத் தகுதியுள்ள ஒரே ஜீவன் பாக்டீரியாதான் என்பதைப் பாண்டுங் நகரத்து ஆய்வகம் ஒன்றின் இயக்குநர் 'பாக்' ருஸ்வான், அதாவது ருஸ்வான் ஐயா, ஒரு திங்கட்கிழமைக் கூட்டத்தில் கண்டுகொண்டார். அதற்கு வாயைத் திறந்து உதவியவள் ஆய்வாளர் வெனிங். பிற்பாடு நினைத்து நினைத்து நொந்தாள்.

அவள் சொன்னது இவ்வளவுதான்: பாக்டீரியா தன் டி.என்.ஏ.வில் அங்கங்கே சின்ன ரசாயன முத்திரை குத்திக்கொள்ளும். வைரஸ் தன் டி.என்.ஏ.வை உள்ளே நுழைத்தால், காவலுக்கு நிற்கும் நொதி முத்திரையைத் தேடும். இல்லையா, வெட்டிப் போடும். முத்திரையுள்ள சொந்தச் சரக்கைத் தொடாது.

"ஒரு சுற்றறிக்கைகூட இல்லாம இப்படி ஒரு ஒழுங்கா" என்று இயக்குநர் கண்கலங்கினார்.

மறுநாளே 'உயிரியல் நிர்வாகத் திட்டம்' அமலுக்கு வந்தது. ஊதா முத்திரை இல்லாத எந்தப் பொருளும் வெள்ளிக்கிழமை காலை அழிக்கப்படும். வெளியே எடுத்துப்போகவும் முத்திரை வேண்டும். காவலாளி பாக் கோசிம் 'நொதியாக' நியமனம் பெற்றார். முத்திரை, இயக்குநரின் மைத்துனி மகன் கிலாங்கின் மேசையில் குடியேறியது.

வெனிங் நேராக ஆழ்குளிர்பெட்டியைப் போய்ப் பார்த்தாள். சியாத்தெர் வெந்நீர் ஊற்றுகளில் மூன்று வருடம் காலைச் சுட்டுக்கொண்டு சேர்த்த நாற்பத்தொரு பாக்டீரியா வகைகள், சிறு குப்பிகளில், அதற்குள் இருந்தன. வேறெங்கும் நகல் இல்லை.

"உறைபனி மேல மை ஒட்டாது, தம்பி," என்றாள் கிலாங்கிடம்.

"வெயில்ல காய வச்சு எடுத்துட்டு வாங்க, இபு," என்றான் அவன், 'அம்மா' என்கிற மரியாதையோடு.

"காய வச்சா செத்துப்போகும்."

"செத்தாலும் முத்திரை இருக்கும்ல?"

விதிவிலக்கு கேட்டு மனு எழுதினாள். மனுவில் முத்திரை இல்லையென்று கோசிம் அதைக் கிழித்தார். முத்திரை வாங்கப் போனால், கிலாங் மேசையைப் பூட்டிவிட்டு மீன்பிடிக்கப் போயிருந்தான். அது வியாழக்கிழமை.

வெள்ளி காலை அவள் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

"நாப்பத்தொண்ணையும் அவிச்சாச்சு, இபு," என்றார் கோசிம், முகத்தைப் பார்க்காமல். "என்னைக் கோவிச்சுக்காதீங்க. நான் வெறும் நொதி."

வெனிங் நின்ற இடத்திலேயே அழுதாள்.

இயக்குநர் வந்து குளிர்பெட்டியைத் திறந்தார். ஒரே ஒரு டப்பா பாக்கி. மூடியில் பளிச்சென்று ஊதா முத்திரை. உள்ளே, கிலாங் கல்யாண வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த ரெண்டாங் என்ற இறைச்சிக் கறி.

"பாத்தீங்களா," என்று பூரித்தார். "நம்மளோடது ஒண்ணுகூட அழியல."

வெனிங் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாக்டீரியாவும் அப்படித்தான், பாக். ஆனா தன்னோடது எதுன்னு அதுக்குத் தெரியும்."