ஒரே படம், இரண்டு பெயர்

"ஏம்பா கம்ப்யூட்டர், ரெண்டு ஹால்லயும் ஒரே ஆளா செத்திருக்காரு?"

இரங்கல் மண்டபத்தின் மேலாளர் பல்லைக் கடித்தார். இரண்டு ஹால் திரைகளிலும் ஒரே முகம் சிரித்துக்கொண்டிருந்தது. கீழே மட்டும் வேறு வேறு பெயர்.

புரோகிராமர் ஓடி வந்து திரைகளைப் பார்த்தான். ஏற்கெனவே ஒரு புகார் வாங்கியிருந்தான். இந்த வேலையும் போனால் குடும்பத்தோடு மாமனார் வீட்டு மாடிதான் கதி.

"டிஸ்க்ல இடம் பத்தலைன்னு நான் எழுதின புரோகிராம் சார். அச்சு அசலா ஒரே படம் ரெண்டு இருந்தா, ஒண்ணை அழிச்சிட்டு, அந்தப் பேரை மிச்சப் படத்தோட கட்டிடும். ஹார்ட் லிங்க்னு பேரு. எங்கயோ தப்பாக் கட்டிடுச்சு."

"செத்தவங்களைக் கட்டிப்போட உனக்கு யாருய்யா சொன்னா? அவுத்து விடு!"

இரண்டாம் ஹால் படத்தைத் திறந்து, சோதனைக்காகத் தன் பாஸ்போர்ட் போட்டோவை அதன் மேலேயே பதிந்தான். பெயர்தான் இரண்டு, படம் ஒன்று என்பது பதற்றத்தில் மறந்துபோயிற்று. இரண்டு திரையிலும் அவன் முகமே ஏறியது, 'கண்ணீர் அஞ்சலி'யோடு. முதல் ஹாலில் கண் மங்கிய பெரியவர் ஒருவர் எழுந்து கும்பிட்டார்.

"ஐயோ! இனிமே சிம்பாலிக் லிங்க் சார். கட்டாது. படம் எங்க இருக்குன்னு கைகாட்டும், அவ்வளவுதான்."

புரோகிராமை மாற்றி, ஹாலுக்கு ஒரு கைகாட்டி நட்டான். பிறகு தன் மூஞ்சியைக் காணச் சகிக்காமல், அவை காட்டிய படத்தை அழித்தான். கைகாட்டிகள் ஒன்றுமில்லாத இடத்தைக் காட்டின. இரண்டு திரையும் இருண்டன. உள்ளே அழுகை கூடியது.

"செத்தவங்களை மறுபடி சாகடிச்சிட்டியே!" என்றார் மேலாளர். "போ, அடுத்தவர் படம் ஏறின ரெண்டாம் ஹால்ல போய்க் கால்ல விழு. அவங்க புகார் குடுத்தா நீ வீட்டுக்குத்தான்."

அவன் கிளம்பும்போதே முதல் ஹால் அம்மா, கல்யாண வயசு மகன்கள் புடைசூழ வந்து வழிமறித்தார்.

"எங்க வீட்டுக்காரர் படத்தைக் கண்ட ஹால்லயும் போட்டியாமே? மானஸ்தர்யா அவரு! நானும் வரேன், நட."

இரண்டாம் ஹாலில் ஒரு சின்னப் பெண், மடியில் கைக்குழந்தையோடு அழுதுகொண்டிருந்தாள்.

"மன்னிச்சிடுங்கம்மா," அவன் கைகூப்பினான். "பக்கத்து ஹால்காரர் படம் தவறுதலா வந்துடுச்சு. உங்க வீட்டுக்காரர் படத்தைக் குடுங்க, உடனே போட்டுடறேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"முதல்ல போட்டீங்களேண்ணா, அவருதான் என் வீட்டுக்காரர்."