புல்லு டாக்டர் காட்டிய சிவப்பு அட்டை

கால்பந்து வரலாற்றிலேயே ஒரு பந்தைக்கூட உதைக்காமல், யாரையும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லாமல் சிவப்பு அட்டை வாங்கிய ஒரே மனிதர் எங்கள் புத்தூர் புல்லு டாக்டர்தான். வேறு யாராவது இருந்தால் எழுதுங்கள். நான் நம்பமாட்டேன்.

பெனால்டி அடிக்க வந்த எதிரணி ஆட்டக்காரன், பந்தை வைப்பதற்கு முன் பூட்ஸ் நுனியால் தரையைக் கொத்தினான். கோட்டுக்கு வெளியே நின்றிருந்த டாக்டர் விறுவிறுவென்று உள்ளே வந்து பந்தைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"இன்னா நைனா, கிணறா வெட்டற? வேற எடம் பாத்து வெச்சி அடி."

"பெனால்டிய வேற எடத்துல வெச்சி அடிக்க முடியாதுய்யா!" என்று நடுவர் கத்தினார்.

"அப்ப நாளைக்கி வந்து அடிக்கச் சொல்லு. இந்த எடம் இன்னிக்கி ரெஸ்ட்ல கீது."

நடுவர் சிவப்பு அட்டையை நீட்டினார். டாக்டர் அதைப் பிரசாதம் போல இரண்டு கையாலும் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். திருப்பித் தரவேயில்லை. மீதி ஆட்டத்தில் யார் யாரை உதைத்தாலும் நடுவரால் முறைக்க மட்டுமே முடிந்தது.

அவர் உத்தியோகத்தில் டாக்டர் இல்லை, கல்லூரி மைதானத்து வாட்ச்மேன். எலும்பு முறிந்தால் எங்கெங்கிருந்தோ ஆட்கள் கட்டுப் போட வருகிற ஊர் எங்களுடையது. அந்த ஊரில் புல்லுக்கென்று ஒரு வைத்தியர் இருந்தால் என்ன தப்பு என்று நாங்கள்தான் அந்தப் பட்டத்தைக் கொடுத்தோம். காலையில் மைதானத்தில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து, "ராத்திரி நல்லா தூங்கிருக்குது" என்பார். செவ்வாயும் வெள்ளியும் புல்லுக்கு லீவு. அந்த நாட்களில் பந்து உள்ளே போனால், எடுக்கப் போகிறவன் செருப்பைக் கழற்றிவிட்டுப் போகவேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சட்டம் உண்டு. ஆட்டத்தில் எவன் சறுக்கி விழுந்தானோ, அவன் அந்த இடத்துக்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகவேண்டும். நான் கோல்கீப்பர். விழுவதுதான் என் வேலை. ஆடிய நேரத்தைவிடச் சொம்பும் கையுமாக நின்ற நேரம்தான் அதிகம்.

இந்த நிலையில்தான் திருப்பதிக்கு வெளியே செயற்கைப் புல் மைதானம் ஒன்று வந்தது. பொய் சொல்லக்கூடாது, எங்களுக்கு அது பிடித்திருந்தது. மழை பெய்தால் எங்கள் மைதானத்தில் நாற்று நடலாம், அங்கே ஆடலாம். மாடு மேயாது, முள் குத்தாது, முக்கியமாகச் சொம்பு கிடையாது. திறப்பு விழாவுக்கு முன்பே ஒருநாள் டாக்டரைக் கூட்டிப்போய்க் காட்டினோம். அவர் வழக்கம்போலக் குப்புறப் படுத்தார். படுத்த வேகத்தில் எழுந்தார்.

"இன்னாடா இது, காய்ச்சலா அடிக்குது! டயர் நாத்தம் வேற!"

அவர் முகமெல்லாம் கறுப்பு ரப்பர் பொடி. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. காரணம், எங்கள் கல்லூரி கரெஸ்பாண்டென்ட் அப்போதே முடிவு செய்திருந்தார். திறப்பு விழா அன்று புத்தூர் அணிக்கும் சித்தூர் அணிக்கும் ஆட்டம், ஆட்டம் முடிந்ததும் அதே மேடையில் எங்கள் மைதானத்துக்கும் செயற்கைப் புல் போட ஒப்பந்தக் கையெழுத்து. திங்கட்கிழமை பொக்லைன் வந்துவிடும்.

விழா நாள், மே மாதத்து வெள்ளிக்கிழமை. ராகு காலம் கழித்து, உச்சி வெயிலில் ஆட்டம். எங்கள் வேனில் டாக்டரும் ஏறினார், மடியில் ஒரு பெரிய தண்ணீர் கேன்.

"அது எதுக்கு ணா?"

"அதுக்குக் காய்ச்சல்னு சொன்னேன் இல்ல? சும்மா எப்பிடிப் போறது?"

மைதானத்தின் முதலாளிக்கு ஏற்கெனவே ஏழெட்டு மாங்காய் லாரிகள் உண்டு. புதுசாக எது வாங்கினாலும் ஒரே பூஜைதான் அவருக்குத் தெரியும். நான்கு மூலையிலும் எலுமிச்சம்பழம் வைத்தார். சந்தனம், குங்குமம் வைத்த பூசணிக்காயின் மேல் ஒரு கைப்பிடி கற்பூரத்தைக் கொளுத்தி, மைதானத்துக்கு மூன்று சுற்றுச் சுற்றி, நடு வட்டத்தில் ஓங்கிப் போட்டு உடைத்தார். எல்லோரும் கைதட்டினோம். கற்பூரம் எரிந்தது. கூடவே மைதானமும் எரிந்தது.

முதலில் யாருக்கும் புரியவில்லை. நல்ல சகுனம் என்று ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கறுப்புப் புகை கிளம்பியதும் முதலாளி அலறினார். யார் நகர்வதற்கும் முன்னால் கேனோடு ஓடியவர் டாக்டர்தான். அணைத்துவிட்டுப் பார்த்தால், தோசைக்கல் அகலத்துக்குப் புல் உருகிக் கட்டியாகியிருந்தது. சுற்றிலும் சிவப்புச் சிவப்பாகப் பூசணிச் சதை.

டாக்டர் அந்த இடத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நிஜமான வருத்தத்தோடு முதலாளியைக் கேட்டார்.

"சார், இது எப்ப மொளைக்கும்?"

முதலாளி உருகிய கட்டியை விரலால் சுரண்டிப் பார்த்தார். "எங்க புல்லும் எரியும் சார். நாலு நாள் தண்ணி காட்டுனா எழுந்து நிக்கும். இது நிக்குமா?" என்றார் டாக்டர். பிறகு மெல்ல எழுந்து சட்டைப்பையில் கை விட்டார். அந்தப் பழைய சிவப்பு அட்டையை எடுத்து, கையை நேராக உயர்த்தி மைதானத்துக்குக் காட்டினார். சித்தூர்க்காரர்கள் விசில் அடித்தார்கள்.

கரெஸ்பாண்டென்ட் மட்டும் கடுப்பாக இருந்தார். "ஏமய்யா, டீம் ரெண்டும் வந்தாச்சு. மேட்ச் எக்கட வெக்கிறது?"

"நம்ம கிரவுண்டு கீது சார்."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வெள்ளிக்கிழமை. புல்லுக்கு லீவு.

நாலு மணிக்குப் புத்தூர் வந்து சேர்ந்தோம். டாக்டர் யாரையும் உள்ளே விடாமல் முதலில் தான் மட்டும் போய், குனிந்து, தரையைத் தடவிக்கொடுத்தார். "இன்னிக்கி ஒரு நாளு பொறுத்துக்கோ. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

கடைசி நிமிடம் வரை ஒன்றுக்குப் பூஜ்யம், நாங்கள் முன்னிலை. அப்போது சித்தூர்ப் பையன் அடித்த பந்து என் கையை ஏமாற்றிவிட்டுக் கோலை நோக்கி உருண்டது. நான் மல்லாந்து கிடந்தேன். நான் தினமும் விழுந்து, தினமும் சொம்பு சொம்பாக ஊற்றி வளர்த்த இடம் கோல் வாசல். புல் அங்கேதான் அடர்த்தி. பந்து அதில் ஏறி, திணறி, கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றேவிட்டது. தவழ்ந்து போய்க் கட்டிக்கொண்டேன். நடுவர் விசில் ஊதினார். ஜெயித்தோம்!

டாக்டரைத் தோளில் தூக்கினோம். "என்னை வுடுங்கடா, எல்லாரும் ஒரே எடத்துல மிதிக்கறீங்க!" என்று அவர் மேலிருந்து கத்தினார். கரெஸ்பாண்டென்ட் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சாக்ஸும் இல்லாமல் மைதானத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்தார். "அக்ரிமென்ட் ஒத்துய்யா, வேணாம். இதுவே இருக்கட்டும்" என்றார். திங்கட்கிழமை பொக்லைன் வரவில்லை. திருப்பதி மைதானத்துக்கும் ஒட்டுப்போட்டு விட்டார்கள், நன்றாகத்தான் இருக்கிறது. மழைக்காலத்தில் எங்கள் ஆட்கள் அங்கேதான் ஆடுகிறார்கள்.

எனக்கு இப்போது ஸ்ரீ சிட்டித் தொழிற்பேட்டையில் வேலை, ஜாகையும் அங்கேயே. ஷிஃப்ட் முடிந்ததும் பக்கத்திலிருக்கும் செயற்கைப் புல்லில் ஆடுகிறோம். ஆட்டம் முடிந்து எல்லோரும் வண்டியை எடுக்கும்போது நான் மட்டும் பாட்டிலோடு கோல் பக்கம் போய், விழுந்த இடத்துக்கெல்லாம் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிறேன். அது முளைக்காது என்று எனக்கும் தெரியும்.