சித்திக்கு நான் தந்த இரும்புச் சத்து

"ஊசி போடத் தெரியுமா? தெரியாது. மருந்து எழுதத் தெரியுமா? அதுவும் தெரியாது. அப்புறம் இன்னாம்மா ஆஸ்பத்திரி வேலை?"

மெடிக்கல் கோடிங் வேலையில் நான் சேர்ந்த அன்று சித்தப்பா கேட்டது. எங்கள் வீட்டில் படித்து முடித்த முதல் ஆள் நான், சுருக்கென்று தைத்தது. டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து, நோய்க்குரிய எண்ணைப் போடும் வேலை என்று விளக்கினேன். "ஓகோ, நம்பர் போடுறது" என்று தறிக்குப் போய்விட்டார்.

பயிற்சியில் முதலில் வந்தது ரத்தசோகை. இரும்புச் சத்துக் குறைவுக்கு ஒரு எண், பி-12 குறைவுக்கு வேறு எண். ரிப்போர்ட்டில் ரத்தம் குறைந்திருந்தாலும், டாக்டர் நோயை எழுதாவிட்டால் நாமாக எழுதக் கூடாது, அவரைக் கேட்க வேண்டும் என்றார்கள். பலமாகத் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, சித்தியின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தேன். வெளுத்திருந்தது.

"டி ஐம்பது புள்ளி ஒன்பது" என்றேன்.

"அப்படின்னா?"

"இரும்புச் சத்து இல்ல சித்தி. நான் பாத்துக்கறேன்."

"காலு மரத்துக்கினே இருக்குதும்மா. நாக்கு வேற எரியுது."

"நாளெல்லாம் தறிக்குழியில காலை விட்டுக்கினு இருந்தா மரத்துத்தான் போவும்." (எங்கள் தெருவில் யார் கால்தான் மரத்துப் போகவில்லை?) நாக்குக்கு ஊறுகாயைக் குற்றம் சொன்னேன்.

மருந்துக் கடையில் இரும்பு மாத்திரை வாங்கினேன். முருங்கைக்கீரையும் பீட்ரூட்டும் வீட்டை ஆண்டன. எந்த நோயும் இல்லாத சித்தப்பாவும் தப்பவில்லை.

சில வாரங்களில் ஒரு காலை, "தாரு மாதிரி கறுப்பா போவுதுடி" என்று சித்தி போட்ட சத்தம் பக்கத்துத் தறிகளையும் நிறுத்தியது. இரும்பு மாத்திரை அப்படித்தான் செய்யும் என்பது எனக்குத் தெரியாது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். வாசலில் சித்தியின் ஒரு செருப்பு கழன்று கிடந்தது. அது தெரியாமல் அவள் நடந்துகொண்டே இருந்தாள். அதைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

"இரும்பு மாத்திரை எந்த டாக்டர் எழுதினாரு?" என்றார் டாக்டரம்மா.

சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்க வீட்டுப் பொண்ணுதாங்க. ஆஸ்பத்திரி வேலையில இருக்குது."

என் வேலையை முதன்முறையாக ஒப்புக்கொண்டார். அதற்கு அந்த இடம்தானா கிடைத்தது?

டாக்டரம்மா சித்தியைக் கேள்வி மேல் கேள்வி கேட்டார். கறி, முட்டை விட்டுப் பல வருஷம். பாலும் பிடிக்காது. ரத்தப் பரிசோதனையில் பி-12 குறைவு என்று வந்தது. கால் மரத்ததும் நாக்கு எரிந்ததும் அதனால்தானாம். "இன்னும் விட்டிருந்தா காலு மரத்தது மரத்தபடியே நின்னுருக்கும்" என்றார். நான் தரையில் எறும்பு தேடினேன்.

ஊசி போடப் போட, சித்திக்குக் காலில் மெல்ல உணர்ச்சி திரும்பியது. எனக்குத்தான் விடுதலை இல்லை. வீட்டில் யார் தும்மினாலும், "கூப்பிடு அவளை, இரும்பு குடுப்பா" என்கிறார் சித்தப்பா. விருந்தாளிகளுக்கும் இந்தக் கதை உண்டு. ஒவ்வொரு தடவையும் பீட்ரூட் கூடிக்கொண்டே போகிறது.

எங்கள் ஆபீஸில், குறிப்பில் விட்டுப்போனதை டாக்டர்களிடமே கேட்டு எழுதவைக்கத் தனிப் பிரிவு உண்டு. அதற்குத் தேர்வு எழுதி, நேற்று சேர்ந்துவிட்டேன். முதலில் வந்த குறிப்பில் வெறும் 'ரத்தசோகை' என்று இருந்தது. எதனால் என்று கேட்டு அனுப்பியிருக்கிறேன். பதில் வரும்வரை எண் போடும் கட்டம் காலியாகவே இருக்கும்.